அணில் அசையாமல் கிடந்தால் மேலே பாருங்கள்

ஜனவரியில் நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க்குக்குப் போய்ப் பருந்தைத் தேடுவதென்றால், முதலில் அணிலைக் கவனிக்க வேண்டும். அங்குள்ள சாம்பல் அணில் நம் ஊர் அணிலைப் போல நான்கைந்து மடங்கு கனமானது. இலையுதிர்காலத்தில் புதைத்து வைத்த ஓக் கொட்டைகளைப் பனியைத் தோண்டி எடுத்துத் தின்றுகொண்டே இருக்கும். ஒரு நிமிடம் சும்மா இருக்காது. அப்படிப்பட்டது திடீரென்று அடிமரத்தோடு வயிற்றை ஒட்டிக்கொண்டு, இரண்டு மூன்று நிமிடம் அசையாமல் கிடந்தால் அதற்குக் காரணம் இருக்கிறது. பக்கத்து மரத்தில் நீல ஜே பறவைகளும் சேர்ந்து கத்தத் தொடங்கினால் சந்தேகமே வேண்டாம். அப்போது மேலே பாருங்கள். இலையில்லாத கிளையில் வெள்ளை மார்போடு, சின்ன மூட்டையைத் தூக்கி வைத்தது போல ஒன்று உட்கார்ந்திருக்கும்.

நியூ ஜெர்சிக்குக் குடிவந்த முதல் பனிக்காலத்தில் எனக்கு இது தெரியாது. கழுத்து வலிக்க வானத்தையே பார்த்துவிட்டு ஒன்றும் காணாமல் திரும்பினேன். பருந்து என்றால் வானத்தில் வட்டமிடுவது என்றுதானே பழகியிருக்கிறோம். வெயிலில் தரை சூடாகி, காற்று மேலே எழும்பி, அதன்மீது ஏறிக்கொண்டு சிறகை அசைக்காமல் சுற்றுவது நம் ஊர்ப் பருந்துக்கு எளிது. பனி மூடிய தரையிலிருந்து அப்படிக் காற்று வலுவாக எழாது. சிறகடித்துப் பறந்தால் உடம்பில் இருக்கும் சக்தி கரையும். குளிர்நாளில் சக்தி என்றால் உயிர். அதனால் பனிக்காலப் பருந்து உட்கார்ந்து காத்திருக்கிறது. இறகுகளை உப்பவைத்து, ஒரு காலை வயிற்று இறகுக்குள் இழுத்துக்கொண்டு, மணிக்கணக்கில் ஒரே கிளையில் இருக்கும். வெளியே நிற்கும் இன்னொரு கால் உறையாமல் இருப்பதற்கும் ஒரு ஏற்பாடு உண்டு. காலுக்கு இறங்கும் சூடான ரத்தமும் மேலே ஏறும் குளிர்ந்த ரத்தமும் ஒட்டி ஒட்டிப் போகும் குழாய்களில் ஓடுவதால், இறங்கும் சூடு வீணாகாமல் ஏறும் ரத்தத்துக்கு மாறிவிடுகிறது.

சென்ட்ரல் பார்க் 843 ஏக்கர். சுமார் நான்கு கிலோமீட்டர் நீளம், அதில் ஐந்தில் ஒரு பங்கு அகலம். நாலாபுறமும் கட்டடம். மேலிருந்து பார்க்கும் பறவைக்கு அது கான்கிரீட் நடுவே கிடக்கும் பச்சைத் துண்டு, பனிக்காலத்தில் வெள்ளைத் துண்டு. வடக்கே நியூயார்க் மாநிலத்தின் உட்பகுதிகளிலும் கனடாவிலும் பனி ஆழமாகப் பெய்து, வயல் எலிகள் அதற்கடியில் மறைந்துவிடும்போது, அங்கிருந்து தெற்கே நகரும் பறவைகளில் சில இங்கே இறங்குகின்றன. இங்கே இரை மறைவதில்லை. 2018 அக்டோபரில் தன்னார்வலர்கள் சேர்ந்து இந்தப் பூங்காவின் அணில்களை எண்ணி, 2,373 என்று கணக்குக் கொடுத்தார்கள். புறாவும் எலியும் இந்தக் கணக்கில் இல்லை. குப்பைத்தொட்டியும், பெஞ்சில் உட்கார்ந்து ரொட்டியைப் பிய்த்துப் போடும் மனிதர்களும் இருக்கும்வரை அவற்றுக்குக் குறைவு வராது. நகரம் மிச்சம் வைப்பதைப் புறாவும் எலியும் தின்கின்றன, அவற்றைப் பருந்து தின்கிறது. இந்தச் சங்கிலி மனதில் இருந்தால் பூங்காவில் எங்கே போய் நிற்பது என்பது தானாகப் புரியும். சங்கிலியின் இன்னொரு முனைக்குப் பிறகு வருகிறேன்.

நீங்கள் பெரும்பாலும் பார்க்கப்போவது செவ்வால் பருந்தை. அங்கே ரெட்-டெயில்டு ஹாக் என்பார்கள். சுமார் ஒரு கிலோ எடை, நான்கடி சிறகு விரிப்பு. ஆணைவிடப் பெண் பெரியது. வளர்ந்த பறவைக்கு வாலின் மேற்பக்கம் செங்கல் நிறம். வயிற்றின் குறுக்கே பழுப்புக் கீற்றுகள் ஒரு பட்டை போல ஓடும். பெயரை நம்பி வாலை மட்டும் தேடினால் ஏமாந்துபோவீர்கள். அந்த ஆண்டு பொரித்த குஞ்சுக்கு வால் பழுப்பாக, வரிவரியாக இருக்கும். அடுத்த ஆண்டு இறகு மாற்றத்தில்தான் சிவப்பு வரும். பனிக்காலப் பூங்காவில் பாதையோரமாக, நம் தலைக்கு இரண்டாள் உயரத்தில் உட்கார்ந்து மனிதர்களைச் சட்டையே செய்யாமல் இருப்பது அநேகமாக இந்த இளசுதான். அதற்கு இன்னும் வேட்டை கைவரவில்லை. அணிலைத் துரத்தி மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்து கோட்டைவிடுவதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். முதல் ஆண்டைத் தாண்டாமலே இறப்பவை நிறைய. ஒவ்வொரு முறை அது தவறவிடும்போதும் என் வயிறு பிசைகிறது. அணில் தப்பியதற்கும் மகிழ்ச்சிதான், இரண்டும் ஒரே நேரத்தில் வரும்.

இந்தப் பருந்தின் குரல் உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். ஹாலிவுட் படங்களில் மலை உச்சியைக் காட்டும்போது நீளமாக, கரகரப்பாக ஒரு கூவல் வருமே, அது பெரும்பாலும் செவ்வால் பருந்துடையது. திரையில் வெண்தலைக் கழுகைக் காட்டிவிட்டு இதன் குரலைச் சேர்ப்பார்கள். கழுகின் உண்மையான குரல் கீச்சென்று மெலிதாக இருக்கும். நீல ஜேயும் பருந்தின் குரலில் கத்திக்காட்டும் என்பதால், காதை மட்டும் நம்புவதும் சரிவராது.

அடுத்தது கூப்பர் வல்லூறு. நம் ஊர் வைரியைப் பார்த்திருந்தால் இதை உடனே அடையாளம் கண்டுவிடலாம், இரண்டும் நெருங்கிய உறவு. குட்டையான சிறகு, நீண்ட வால், மரங்களுக்கிடையே வளைந்து நெளிந்து பாயும் வேகம். குருவிகளுக்குத் தீனிப்பெட்டி தொங்கவிட்டிருக்கும், காடு போல மரமடர்ந்த ராம்பிள் பகுதியில் அதிகம் வரும். குருவிக் கூட்டம் ஒரே நொடியில் மௌனமானால் இது வந்திருக்கிறது என்று அர்த்தம். ரிசர்வாயர் என்ற பெரிய நீர்த்தேக்கம் ஓரளவு உறைந்து, கடற்காகங்கள் பனிக்கட்டிமேல் கூடும் நாட்களில், அவற்றைப் பிடிக்க வெண்தலைக் கழுகு வருவதும் சமீப ஆண்டுகளில் வழக்கமாகியிருக்கிறது. நகரத்தின் நடுவில் கழுகு என்பது இப்போது பிறந்த குழந்தைகளுக்கு இயல்பாகத் தோன்றும். 1970-களில் நியூயார்க் மாநிலம் முழுவதற்குமே கூடு வைத்திருந்த கழுகு ஜோடி ஒன்றே ஒன்றுதான் மிஞ்சியிருந்தது.

ஏன் அப்படி ஆனது என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். இந்தப் பூங்காவில் பனிக்காலத்தில் பறவை பார்ப்பது பழைய வழக்கம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கிறிஸ்துமஸ் அன்று இரண்டு அணியாகப் பிரிந்து, கண்ணில் பட்டதையெல்லாம் சுட்டுத் தள்ளி, எந்த அணி அதிகம் கொன்றது என்று பார்க்கும் விளையாட்டு அமெரிக்காவில் இருந்தது. பூங்காவை ஒட்டியிருக்கும் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் பணியாற்றிய பறவையியலாளர் ஃபிராங்க் சாப்மன், சுடுவதற்குப் பதில் எண்ணலாமே என்றார். 1900 டிசம்பர் 25 அன்று 27 பேர் 25 இடங்களில் எண்ணினார்கள். அதில் ஓர் இடம் சென்ட்ரல் பார்க். இன்றும் ஒவ்வொரு டிசம்பரிலும் அந்தக் கணக்கெடுப்பு நடக்கிறது. ஆனால் அந்தப் பரிவு இரைகொல்லிப் பறவைகளுக்குக் கிடைக்க வெகுகாலம் ஆயிற்று. கோழியைத் தூக்குகிறது என்று பருந்தையும் ஆந்தையையும் சுட்டுக்கொண்டேயிருந்தார்கள். வலசைப் பறவைகளைக் காக்கும் மத்தியச் சட்டம் 1918-இல் வந்தது. பருந்து, ஆந்தை இனங்களை அதில் சேர்த்தது 1972-இல்தான். டிடிடி பூச்சிக்கொல்லியை அமெரிக்கா தடை செய்ததும் அதே 1972-இல்.

டிடிடி செய்த கேடு, அது உணவுச் சங்கிலியில் ஏறிய விதத்தில் இருக்கிறது. பூச்சியின் உடம்பில் கொஞ்சம், அதைத் தின்ற குருவியிடம் அதைவிட அதிகம், குருவியைத் தின்ற வல்லூறிடம் முட்டை ஓடே மெலிந்துபோகும் அளவுக்கு. தாய் அடைகாக்க உட்கார்ந்தால் முட்டை உடையும். 1960-களின் நடுவில் மிசிசிப்பி ஆற்றுக்குக் கிழக்கே கூடு கட்டும் பொரி வல்லூறு (பெரெக்ரின் ஃபால்கன்) ஒன்றுகூட இல்லை. வளர்த்து விடப்பட்ட பறவைகளின் வழியாக அவை திரும்பி, 1983-இல் நியூயார்க் நகரப் பாலங்களில் கூடு கட்டின. இன்று பூங்காவின் தெற்கு ஓரத்தில் நின்று வானுயர்ந்த கட்டடங்களின் விளிம்புகளைப் பைனாகுலரில் துழாவினால், புறாக் கூட்டத்தை நோட்டமிடும் பொரி வல்லூறு அகப்படும். மணிக்கு 300 கிலோமீட்டரைத் தாண்டும் அதன் பாய்ச்சலை நான் முழுதாகப் பார்த்தது ஒரே ஒரு தடவை. பார்த்தேன் என்பதைவிட, புறா இறகுகள் காற்றில் மிதந்ததைப் பார்த்தேன் என்பதே சரி.

கட்டடத்தில் குடியேறியதில் வல்லூறைவிடப் பேர் பெற்றது ஒரு செவ்வால் பருந்து. வெளிறிய தலை காரணமாக அவனுக்குப் பேல் மேல், அதாவது ‘வெளிறிய ஆண்’ என்று பெயர். 1991-இல் பூங்காவுக்கு வந்தான். மரத்தில் கூடு கட்ட முயன்று காகங்களிடம் தோற்று, ஐந்தாம் அவென்யூ 927-ஆம் எண் கட்டடத்தின் பன்னிரண்டாம் மாடி விளிம்பைப் பிடித்தான். புறா உட்காராமல் இருக்க அடித்து வைத்த இரும்பு முட்கள் குச்சிகள் நழுவாமல் பிடித்துக்கொண்டன. கீழே பொம்மைப் படகு விடும் குளத்தருகே நாற்காலி போட்டு, தொலைநோக்கி வைத்து ஊரே பார்த்தது.

2004 டிசம்பரில் கட்டட நிர்வாகம் கூட்டையும் முட்களையும் பிடுங்கி எறிந்தது. ஏன் டிசம்பர்? முட்டையோ குஞ்சோ உள்ள கூட்டைக் கலைப்பது குற்றம். காலியான கூட்டைக் கலைத்தால் குற்றமில்லை என்று 2003-இல் மத்திய அரசின் வனவிலங்குத் துறை சட்டத்துக்கு விளக்கம் தந்திருந்தது. பனிக்காலத்தில் கூடு காலி. ஆனால் பருந்துக்கு அது கைவிட்ட வீடாகாது. ஜனவரி, பிப்ரவரியிலேயே குச்சி கொண்டுவந்து பழைய கூட்டைச் செப்பனிடத் தொடங்கி, மார்ச் நடுவில் முட்டையிடும். இதை அறிந்தவர்கள் குளிரில் நடைபாதையில் நின்று நாள்தோறும் போராடினார்கள். தெருவில் போன வண்டிகள் ஆதரவாக ஹாரன் அடித்தன. அந்த மாதமே நிர்வாகம் இறங்கிவந்து, கூடு நிற்க எஃகுத் தொட்டில் ஒன்றைப் பொருத்திக் கொடுத்தது. பருந்துகளும் குச்சியோடு திரும்பின. பேல் மேல் என்று நம்பப்பட்ட பறவை 2023 மே மாதம் இறந்தது. இன்று நியூயார்க்கில் ஏசி பெட்டியிலும் தீயணைப்புப் படிக்கட்டிலும் செவ்வால் பருந்து கூடு வைத்தால் யாரும் வியப்பதில்லை.

சரி, ஆந்தைக்கு வருவோம். பருந்துக்கு நேர் எதிரான தேடல் இது. இலை உதிர்ந்த மரங்கள் பருந்தைக் காட்டிக்கொடுக்கின்றன. இலை உதிராத பைன், சீடர் மரங்களோ ஆந்தையை மறைக்கின்றன. பகல் முழுவதும் அடர்ந்த ஊசியிலைகளுக்குள் தூங்கும் ஆந்தையை நிமிர்ந்து தேடினால் காண்பது அரிது, குனிந்துதான் தேட வேண்டும். மரத்தடியில் சுண்ணாம்பு தெளித்தது போல வெள்ளை எச்சம் இருக்கிறதா, கட்டைவிரல் அளவில் சாம்பல் உருண்டை கிடக்கிறதா என்று பார்க்க வேண்டும். அந்த உருண்டை எச்சமில்லை. செரிக்காத மயிரையும் எலும்பையும் ஆந்தை வாய்வழியாகக் கக்குவது. பிரித்துப் பார்த்தால் எலியின் தாடை எலும்பு பல்லோடு முழுசாக இருக்கும். இப்படித்தான் சுமார் நூறு கிராமே உள்ள, உள்ளங்கையில் அடங்கும் சா-வெட் ஆந்தையையும், நீண்ட காது இறகுள்ள ஆந்தையையும் கண்டுபிடிக்கிறார்கள்.

எப்போதாவது ஒரு பெரிய வரவும் உண்டு. 2021 ஜனவரி 27 அன்று பூங்காவின் வடக்கே பேஸ்பால் மைதானத்தில் ஒரு பனி ஆந்தை வந்து இறங்கியது. சென்ட்ரல் பார்க்கில் அதற்கு முந்தைய பதிவு 1890. துருவப் பகுதியின் மரமில்லாத வெளியில் வாழும் பறவைக்குப் பனி மூடிய திறந்த மைதானம் ஊர் மாதிரியே தெரிந்திருக்க வேண்டும். அதே பனிக்காலத்தில் பேரி என்று ஊர் பெயர் வைத்த ஒரு வரி ஆந்தையும் பூங்காவில் இருந்தது. கொள்ளைநோய்க் காலம், வீட்டுக்குள் அடைந்து கிடந்த ஊர். சாயங்காலமானால் முகக்கவசத்தோடு மரத்தடியில் கூடி அது கண்விழிப்பதைப் பார்த்தார்கள்.

பிறகு ஃபிளாக்கோ. 2023 பிப்ரவரி 2 இரவு, பூங்காவின் மிருகக்காட்சிசாலையில் யாரோ கூண்டின் எஃகு வலையை வெட்டிவிட, அந்த யூரேசியக் கழுகு ஆந்தை வெளியே போய்விட்டது. நம் ஊர்ப் பாறைக் குன்றுகளில் இருக்கும் கொம்பன் ஆந்தைக்கு மிக நெருங்கிய இனம், உருவில் இன்னும் பெரியது. ஒரு வயதுகூட ஆகுமுன் கூண்டுக்கு வந்து, பன்னிரண்டு ஆண்டுகள் அதிலேயே இருந்த பறவை. இரை பிடித்ததே இல்லை. பட்டினியால் செத்துவிடும் என்று எல்லோரும் பயந்தார்கள். சில நாட்களுக்குள் எலி பிடிக்கத் தொடங்கிவிட்டது. அதைத் திரும்பப் பிடிக்கும் முயற்சியை மிருகக்காட்சிசாலையும் நிறுத்திக்கொண்டது. ஓராண்டுக்கும் சற்று அதிகமாக அது நகரத்தில் சுதந்திரமாக வாழ்ந்தது. இரவில் தண்ணீர்த்தொட்டிகளின் உச்சியிலிருந்து அதன் குரல் கேட்டது. 2024 பிப்ரவரி 23 அன்று ஒரு கட்டடத்தில் மோதி விழுந்து இறந்தது.

உடற்கூறு ஆய்வில், மோதாமல் இருந்திருந்தாலும் அது பிழைத்திருக்காது என்று தெரிந்தது. புறாவிடமிருந்து தொற்றிய ஒரு வைரஸ் உடலைத் தின்றிருந்தது. கூடவே நான்கு வகை எலிமருந்து. 2021 ஆகஸ்டில் பூங்காவின் பராமரிப்பு வண்டியில் மோதி இறந்த பேரியின் உடலிலும் உயிரைப் பறிக்கக்கூடிய அளவு எலிமருந்து இருந்தது. 2012-இல் பேல் மேலின் அப்போதைய ஜோடி பூங்காவில் செத்துக் கிடந்தபோதும் அதே மருந்து. நான் பிறகு சொல்கிறேன் என்ற சங்கிலியின் மறுமுனை இதுதான்.

இந்த மருந்துகள் வேலை செய்யும் விதத்தைப் புரிந்துகொண்டால்தான் சிக்கல் விளங்கும். ரத்தம் உறைவதற்கு வைட்டமின் கே தேவை. கல்லீரல் அதைத் திரும்பத் திரும்பப் புதுப்பித்துப் பயன்படுத்துகிறது. எலிமருந்து அந்தப் புதுப்பித்தலை அடைத்துவிடுகிறது. உடம்புக்குள் சின்னச் சின்னதாக ரத்தம் கசியும், நிற்காது. பழைய வார்ஃபரின் வகை மருந்தை எலி பல தடவை தின்றால்தான் சாகும். அதற்கு எலிகள் பழகிவிட்டன என்று புரோடிஃபாக்கம், புரோமடயலோன் போன்ற இரண்டாம் தலைமுறை மருந்துகள் வந்தன. ஒரு தடவை தின்றாலே போதும். ஆனால் சாக சில நாட்கள் ஆகும். அந்த நாட்களில் எலி மறுபடி மறுபடி வந்து அதையே தின்னும், சாவதற்குத் தேவையானதைப் போலப் பல மடங்கு விஷத்தைச் சுமந்துகொண்டு நடக்கும். தள்ளாடும், பட்டப்பகலில் வெளியே வரும், ஓட மாட்டாது. பசித்த இளம் பருந்துக்கு இதைவிட எளிதான இரை கிடையாது. மருந்தோ பருந்தின் கல்லீரலில் மாதக்கணக்கில் தங்கி, எலிக்கு எலி சேர்ந்துகொண்டே போகும். நம் ஊர்க் கடைகளில் கேக் வடிவில் விற்கும் எலிமருந்திலும் புரோமடயலோன் உண்டு, அங்கும் கூகை எலியைத்தான் தின்கிறது.

எலியை ஒழிக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. அடுக்குமாடியில் கைக்குழந்தையோடு இருப்பவரிடம் அப்படிச் சொல்ல முடியாது. ஆனால் பூங்காவில் ஓர் இணைப் பருந்து குஞ்சு வளர்க்கும் பருவத்தில் பிடிக்கும் எலிகளைக் கணக்குப் பார்த்தால், எலியின் எதிரியை எலிமருந்தால் கொல்வது எந்த வகையிலும் லாபமில்லை. கலிபோர்னியா இரண்டாம் தலைமுறை மருந்துகளின் பெரும்பாலான பயன்பாட்டை 2021 ஜனவரியிலிருந்து நிறுத்தியது. நியூயார்க் நகர சபை, ஃபிளாக்கோ இறந்த அதே ஆண்டில், எலிகளுக்குக் கருத்தடை மருந்து வைத்துப் பரீட்சித்துப் பார்க்கும் திட்டத்துக்குச் சட்டம் இயற்றியது. குப்பையை இரவில் கறுப்புப் பைகளில் நடைபாதையில் குவிப்பதை விட்டு மூடிய தொட்டிக்கு மாறுவது இதையெல்லாம்விட அடிப்படை. அதுவும் மெதுவாக நடந்துகொண்டிருக்கிறது.

பார்க்கப் போகிறவர்கள் செய்யக்கூடியதும் உண்டு. ஆந்தை கண்ணை அகலத் திறந்து, உடம்பை ஒடுக்கிக் குச்சி போல நிமிர்ந்தால் நீங்கள் மிக அருகில் வந்துவிட்டீர்கள் என்று பொருள், பின்வாங்குங்கள். பகலில் அது பறந்தால் காகங்களும் ஜேக்களும் விரட்டித் தொலைத்துவிடும். போனில் ஆந்தைக் குரலைப் போட்டுக் கூப்பிடுவது வேண்டாம். இல்லாத எதிரியைத் தேடி அது செலவழிக்கும் சக்தி ஒரு வேளைச் சாப்பாடு. ஆந்தை தூங்கும் மரத்தை இணையத்தில் அறிவிப்பது சரியா என்ற சண்டை நியூயார்க்கில் ஓயாமல் நடக்கிறது. பூங்கா எல்லோருக்கும் பொது, எல்லோரும் பார்க்கட்டுமே என்பது ஒரு பக்கம். பருந்தைச் சொல்லலாம், அதற்குக் கூட்டம் பொருட்டில்லை, தூங்கும் ஆந்தையைச் சொல்லக்கூடாது என்பதே என் கட்சி.

போன பனிக்காலத்தில் கிரேட் லான் என்ற புல்வெளியின் பக்கத்துப் பாதையில், மதியம் பன்னிரண்டு மணிக்கு, ஓர் இளம் செவ்வால் பருந்து ஓக் மரத்திலிருந்து இறங்கி எலி ஒன்றைப் பிடித்தது. வால் இறகுகளில் ஒன்று பாதியில் முறிந்திருந்ததால் அதை எனக்குத் தனியாகத் தெரியும். பல வாரமாக அணிலைத் துரத்தித் தோற்றுக்கொண்டிருந்த பறவை. சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். நானும் கையைத் தூக்கினேன். பிறகுதான் உறைத்தது, அந்த எலி ஓடவே இல்லை.

அடுத்த சனிக்கிழமை போனேன். அதற்கடுத்த சனிக்கிழமையும் போனேன். இரண்டு தடவையும் அது அதே ஓக் மரத்தில், முறிந்த வாலோடு, ஒரு காலை உள்ளே இழுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. கீழே அணில் ஒன்று அடிமரத்தோடு ஒட்டிக் கிடந்தது.